ஸ்லோ குக்கரில் ஆப்பிள் பட்டர்: மூடியில் தொடங்கும் தவறுகள்

அக்டோபர் வந்தால் என் தொலைபேசிக்கு ஒரே மாதிரியான படங்கள் வரத் தொடங்கிவிடும். ஸ்லோ குக்கரின், அதாவது மெல்லிய சூட்டில் பல மணி நேரம் வேகவைக்கும் மின்பாத்திரத்தின், பீங்கான் கிண்ணத்துக்குள் பழுப்பு நிறத்தில் ஏதோ ஒன்று. கரண்டியைத் தூக்கினால் ரசம் போல வழிகிறது. கூடவே ஒரு கேள்வி: "அக்கா, பன்னிரண்டு மணி நேரம் ஆகிவிட்டது. இது எப்போது பட்டர் ஆகும்?"

நாங்கள் இருப்பது அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்துத் தென்பகுதி. ஆடம்ஸ் கவுண்டியின் ஆப்பிள் தோட்டங்கள் காரில் அரை மணி தூரம். வேலைக்காக இங்கே புதிதாக வந்து சேரும் தமிழ்க் குடும்பங்கள் முதல் இலையுதிர்காலத்தில் தோட்டத்துக்குப் போய், பறிக்கிற உற்சாகத்தில் பத்து கிலோ பறித்துவிட்டு, வீட்டுக்கு வந்தபின் விழிப்பார்கள். நானும் அப்படித்தான் விழித்தேன். என் தவறுகளையே இன்னொருவர் வரிசை மாறாமல் செய்வதைப் பார்க்கும்போது சிரிப்பும் வருகிறது, வயிறும் எரிகிறது. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். ஆப்பிளைக் கழுவுங்கள், விதையை எடுங்கள் என்றெல்லாம் சொல்லப்போவதில்லை. அது உங்களுக்கே தெரியும்.

தெரியாதவர்களுக்கு ஒரு வரி: ஆப்பிளைக் குழைய வேகவைத்து, மசித்து, சர்க்கரையும் பட்டை கிராம்பும் சேர்த்து, கருஞ்சிவப்பாகும்வரை சுண்டவைத்ததுதான் ஆப்பிள் பட்டர். நம் தக்காளித் தொக்குக்கு எண்ணெய் இல்லாத ஒன்றுவிட்ட தங்கை என்று வைத்துக்கொள்ளுங்கள். இங்கே தலைமுறைகளாக வாழும் ஜெர்மன் வம்சாவளியினர் இதை லட்வாரிக் என்பார்கள். ரொட்டியில் காட்டேஜ் சீஸைத் தடவி, அதன்மேல் இதைத் தடவிச் சாப்பிடுவது அவர்கள் வழக்கம்.

பெயரை நம்பி வெண்ணெய் சேர்ப்பது

சேர்க்காதீர்கள்.

ஒரே வகை ஆப்பிள்

ரெட் டெலிஷியஸ் மட்டும் போட்டால் சப்பென்று இருக்கும். கிரானி ஸ்மித் மட்டும் போட்டால் புளிப்பை அடக்கச் சர்க்கரையைக் கொட்ட வேண்டிவரும். மெக்கின்டாஷ் சீக்கிரம் குழையும், கோல்டன் டெலிஷியஸ் இனிப்புத் தரும், ஸ்டேமன் கொஞ்சம் புளிப்போடு நிற்கும். இரண்டு மூன்றைக் கலந்துகொள்ளுங்கள். தோட்டத்தில் அடிபட்ட பழங்களைத் தனியாகக் குறைந்த விலைக்குக் கொடுப்பார்கள். அவற்றை வாங்கலாம், கன்றிய இடத்தை மட்டும் வெட்டிவிட்டால் போதும். அழுகியதை மட்டும் "எப்படியும் வேகத்தானே போகிறது" என்று போட்டுவிடாதீர்கள். அழுகல் பூஞ்சை விடும் பட்டுலின் என்ற நச்சு வேகவைத்தால் போய்விடாது.

மூடி

இந்த ஒன்றைப் பற்றிப் பேசினால் எனக்கு இன்றைக்கும் கோபம் வருகிறது. பாதிக் கோபம் என் மீதுதான்.

முதல் ஆண்டு அரை புஷல் வாங்கினேன். இந்த ஊர்க் கணக்கில் ஏறக்குறைய 20 பவுண்டு, அதாவது ஒன்பது கிலோ. நான் படித்த செய்முறை, எல்லாவற்றையும் போட்டு மூடிவிட்டுத் தூங்கப் போங்கள், காலையில் பட்டர் தயாராக இருக்கும் என்றது. இரவு ஒன்பது மணிக்கு மூன்று கிலோ ஆப்பிளை நறுக்கிப் போட்டேன். அடிபிடித்துவிடுமோ என்ற பயத்தில் ஒரு டம்ளர் தண்ணீர் வேறு. வீடெல்லாம் பட்டை மணக்கத் தூங்கினேன். விடியற்காலையில் மூடியைத் தூக்கியபோது அதன் அடியில் கோத்திருந்த நீர் மழைபோல உள்ளேயே கொட்டியது. கிண்ணத்தில் இருந்தது ஆப்பிள் கஞ்சி.

நேரம் போதவில்லை போலிருக்கிறது என்று மறுபடி மூடிவிட்டு வேலைக்குப் போனேன். மாலையிலும் கஞ்சிதான், நிறம் மட்டும் கொஞ்சம் கருத்திருந்தது. அன்றிரவும் மூடியே வைத்தேன். மூன்றாம் நாள் பொறுமை போய்விட்டது. அகலமான வாணலிக்கு மாற்றிப் பெரிய தீயில் வைத்தேன். தொலைபேசி மணி அடித்தது, ஐந்து நிமிடம் பேசினேன், அடிபிடித்துவிட்டது. அப்போதாவது மேலாக வழித்து எடுத்திருந்தால் பாதி தப்பியிருக்கும். நானோ கரண்டியால் அடியைச் சுரண்டி எல்லாவற்றோடும் கலந்துவிட்டேன். தீய்ந்த வாசனை ஏறிய பிறகு எதைப் போட்டாலும் இறங்காது. மூன்று கிலோ ஆப்பிள், அரைக் கிலோ சர்க்கரை, மூன்று நாள் உழைப்பு எல்லாம் குப்பைத்தொட்டிக்குப் போயின.

பிறகு ஒரு நாள் பேப்பரில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 100 கிராம் ஆப்பிளில் ஏறக்குறைய 85 கிராம் தண்ணீர். தோலும் நடுத்தண்டும் போக மூன்று கிலோவில் இரண்டரைக் கிலோ மிஞ்சும். அதில் இரண்டு லிட்டருக்கும் மேல் வெறும் தண்ணீர். அரைக் கிலோ சர்க்கரை சேர்த்தால் கிண்ணத்தில் மொத்தம் மூன்று கிலோ. பழ பட்டர் என்ற பெயரில் கடையில் விற்பதற்கு, கரைந்த திடப்பொருள் குறைந்தது 43 சதவீதம் இருக்க வேண்டும் என்கிறது அமெரிக்க உணவு விதி. வீட்டில் யாரும் அளக்கப்போவதில்லை என்றாலும் குத்துமதிப்பாக அதையே இலக்காக வைத்துக்கொள்ளலாம். அந்தக் கெட்டிக்கு வர, மூன்று கிலோ இரண்டு கிலோவாகச் சுண்ட வேண்டும். ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகிச் சமையலறையை விட்டே போக வேண்டும். மூடி போட்டிருந்தால் அது எங்கே போகும்? மேலே ஏறும், மூடியில் முட்டும், குளிர்ந்து திரும்பக் கீழே விழும். பன்னிரண்டு மணி நேரமோ இருபத்துநான்கு மணி நேரமோ, அதே தண்ணீர் மேலும் கீழும் போய்வந்துகொண்டிருக்கும்.

பாத்திரத்தைக் குறைசொல்லிப் பயனில்லை. இர்விங் நாக்சன் என்பவர் 1940-ல் இதற்குக் காப்புரிமை பெற்றபோது அது பீன்ஸ் வேகவைக்கும் பாத்திரம். கிராக்பாட் என்ற பெயரோடு கடைகளுக்கு வந்தது 1971-ல். பீன்ஸ் வேகும்போது தண்ணீர் வற்றக் கூடாது. இந்தக் கனத்த மூடி அதற்காகத்தான். ஆப்பிள் பட்டர் அதைவிட வெகு பழையது. வீட்டு முற்றத்தில் விறகு மூட்டி, செப்புக் கொப்பரையை ஏற்றி, நீண்ட காம்பின் முனையில் குறுக்கே பலகை வைத்த மரத் துடுப்பால் நாள் முழுக்க ஆள் மாற்றி ஆள் கிளறுவார்கள். அடிபிடிக்காமலிருக்கக் கொப்பரைக்குள் காசுகளைப் போடும் வழக்கமும் உண்டு. துடுப்புத் தள்ளத் தள்ள அவை அடியைத் தேய்த்துக்கொண்டே நகரும். மேற்கு வர்ஜீனியாவின் பெர்க்லி ஸ்பிரிங்ஸில் அக்டோபரில் இதற்கென்றே திருவிழா நடக்கிறது. அங்கே கொப்பரைகளைச் சுற்றி அவ்வளவு ஆவி. மூடி போட்ட கொப்பரையை நான் பார்க்கவில்லை.

அப்படியானால் மூடியே வேண்டாமா? வேண்டும், முதல் கட்டத்துக்கு மட்டும். தண்ணீர் ஊற்றாமல், மனம் கேட்கவில்லை என்றால் கால் கப் ஆப்பிள் சைடர் (இங்கே வடிகட்டாத ஆப்பிள் சாற்றுக்குப் பெயர்; வினிகர் அல்ல) மட்டும் விட்டு, கிண்ணம் முக்கால்வாசிக்கு மேல் நிறையாமல் துண்டுகளைப் போட்டு மூடி, லோவில் எட்டு முதல் பத்து மணி நேரம் விடுங்கள். தூங்கப் போக வேண்டியது இந்தக் கட்டத்தில்தான். காலையில் மசியுங்கள், சர்க்கரையைச் சேருங்கள். அதன்பிறகு கிண்ணத்தின் விளிம்பில் இரண்டு மரக்கரண்டிகளைக் குறுக்காக வைத்து, அவற்றின் மேல் மூடியை ஏற்றி வையுங்கள். ஆவி வெளியேறும், எரிமலைபோலத் தெறிக்கும் குமிழ்கள் உங்கள் கையிலும் சுவரிலும் படாது. ஹையில் மூன்று முதல் ஐந்து மணி நேரம் பிடிக்கும். அரை மணிக்கு ஒருமுறை கிளறுங்கள். இந்தக் குக்கரில் சூடு பெரும்பாலும் பக்கச்சுவரிலிருந்து வருகிறது, அதனால் சுவரோரம் வழித்துக் கிளற வேண்டும். மூடியைத் தூக்கும்போது வெளிப்பக்கமாகச் சாய்த்து எடுங்கள், கோத்த நீர் உள்ளே சொட்டக் கூடாது. இந்த நேரத்தில் கடைக்குப் போகாதீர்கள், தூங்காதீர்கள். அல்வா கிளறுகிறவர் பாதியில் தூங்கப் போவாரா?

இதையெல்லாம் சொன்ன பிறகும் போன வாரம் ஒரு தம்பி கேட்டார்: "அக்கா, மூடியைத் திறந்தால் மின்சாரம் வீணாகாதா?"

சோளமாவு

மேலே சொன்ன கஞ்சியைப் பார்த்துப் பயந்துபோய் இரண்டு கரண்டி சோளமாவு கரைத்து ஊற்றிய ஒரு தோழி எனக்கு உண்டு. கெட்டியானது என்னவோ உண்மை. ஆனால் வாயில் வைத்தால் கஸ்டர்டு. நான்கு நாளில் ஃபிரிட்ஜிலேயே நீர் பிரிந்து நின்றது. மாவு சேர்த்ததை ஜாடியில் அடைத்துக் கொதிநீரில் வைத்துப் பதப்படுத்தவும் கூடாது. கெட்டியான மாவுக்குள் சூடு நடுவரை சரியாகப் போகாது. தண்ணீராக இருந்தால் ஒரே மருந்து, இன்னும் சுண்டவைப்பது.

சூடாக மிக்ஸியில் அரைப்பது

என் சமையலறைக் கூரையில் பழுப்பு நிறத் தடம் ஒன்று இன்னும் இருக்கிறது. கை பிளெண்டர் வாங்கிக்கொள்ளுங்கள், அல்லது ஆறவிடுங்கள்.

கிராம்பை முதலிலேயே போடுவது

மசாலா நம் கைக்குப் பழகிய விஷயம் என்ற தைரியம் நமக்கு. ஆனால் பிரியாணிக்குக் கிராம்பு போடும் கையோடு இதற்குப் போட்டால் பல் மருத்துவரின் அறை வாசனை வரும். பல்வலிக்கு வைக்கும் கிராம்பு எண்ணெயில் இருக்கும் அதே சரக்குதான் இங்கே பத்து மணி நேரம் ஊறி இறங்குகிறது. மூன்று கிலோ ஆப்பிளுக்குக் கால் டீஸ்பூன் தூள் போதும், அதுவும் கடைசி ஒரு மணி நேரத்தில். பட்டையும் அப்போதுதான். இங்கே கடைகளில் சினமன் என்று விற்பது பெரும்பாலும் காரம் கூடிய கேசியா வகை, இலங்கைக் கறுவா அல்ல. அளவைக் கூட்டுவதற்கு முன் ருசி பாருங்கள். ஏலக்காய் போடலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். போடலாம், நான் போடுகிறேன். அது லட்வாரிக் இல்லை என்று பக்கத்து வீட்டுப் பாட்டி சொல்கிறார், ஜாடியை மட்டும் காலியாகத் திருப்பிக் கொடுக்கிறார்.

சூட்டோடு பதம் பார்ப்பது

தொக்கில் எண்ணெய் பிரிந்தால் பதம் தெரிந்துவிடும். இதில் அந்த அடையாளம் கிடையாது. கொதிக்கிற நிலையில் இளகலாகவே தெரியும், ஆறினால் இறுகும். குக்கருக்குள் பார்த்தே முடிவு செய்தால் ஒன்று நீர்க்கும், அல்லது கத்தியால் வெட்டும்படி ஆகும். ஒரு கரண்டி எடுத்து ஆவி படாமல் இரண்டு நிமிடம் வைத்திருங்கள். குவிந்தபடியே நின்றால் பதம். குளிர்ந்த தட்டில் ஒரு துளி வைத்தும் பார்க்கலாம்: சுற்றிலும் நீர் வளையம் பிரிந்தால் இன்னும் வேலை இருக்கிறது.

ஊறுகாய் மாதிரி அலமாரியில் வைப்பது

"சர்க்கரை இருக்கிறதே, கெடாது." உப்பும் எண்ணெயும் மிதக்கும் ஊறுகாயைப் பார்த்து வளர்ந்த நம்பிக்கை இது. சூடாக ஜாடியில் ஊற்றி, மூடியை இறுக்கி, தலைகீழாகக் கவிழ்த்துவிட்டால் சீலாகிவிடும் என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். அப்படி வைத்த என் ஜாடி ஒன்றில் ஒரே மாதத்தில் வெள்ளைப் பூஞ்சை படர்ந்தது. ஃபிரிட்ஜில் வைத்துச் சில வாரங்களுக்குள் சாப்பிடுங்கள். ஃபிரீசர் என்றால் ஜாடியில் அரை அங்குலம் இடம் விட்டு உறையவையுங்கள். அலமாரியில்தான் வைக்க வேண்டுமென்றால், சோதித்துப் பார்த்த செய்முறையை அளவு மாற்றாமல் செய்து, சூடான பட்டரைக் கிருமி நீக்கிய சூடான ஜாடியில் கால் அங்குலம் இடம் விட்டு நிரப்பி, கொதிநீரில் முழுக வைத்துப் பதப்படுத்த வேண்டும். கடல்மட்டத்திலிருந்து ஆயிரம் அடிக்குள் இருக்கும் ஊர்களில் அரை பைன்ட், ஒரு பைன்ட் (ஏறக்குறைய கால் லிட்டர், அரை லிட்டர்) ஜாடிகளுக்கு ஐந்து நிமிடம்; உயரம் கூடினால் நேரமும் கூடும்.

அதே முறையில் பரங்கிக்காய் பட்டர்

சாப்பிடலாம். ஜாடியில் அடைத்து அலமாரியில் மட்டும் வைக்காதீர்கள். ஆப்பிளில் இருக்கும் புளிப்பு பரங்கிக்காயில் இல்லை. காற்றுப்புகாத ஜாடிக்குள், உயிருக்கே ஆபத்தான நச்சை உண்டாக்கும் பொட்டுலிசம் கிருமி வளர அது போதும். வீட்டில் பாதுகாப்பாகப் பதப்படுத்த இதற்கு வழி கிடையாது. ஃபிரிட்ஜ் அல்லது ஃபிரீசர்தான்.

பீங்கான் கிண்ணம்

வேலை முடிந்ததும், சூடாக இருக்கும்போதே, ஊறட்டும் என்று குழாயடியில் குளிர்ந்த நீரை விடாதீர்கள். நான் விட்டேன். கிண்ணம் இரண்டாகக் கையில் வந்தது.