மேசைமேல் ஒரு போர்க்களம்: எங்கிருந்து தொடங்குவது?

சின்னப் பொம்மைப் படைகளை மேசைமேல் நகர்த்தி ஆடும் மினியேச்சர் போர் விளையாட்டுக்கு நிலம் செய்யக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் மரத்தில்தான் கை வைப்பார்கள். கம்பியை முறுக்கி, பஞ்சு ஒட்டி, பச்சைத் தூள் தூவினால் ஒரு மாலைக்குள் தோப்பே தயாராகிவிடும், மனசும் நிறைந்துவிடும். நான் மரத்தைக் கடைசிக்குத் தள்ளிவிடுவேன். எடுத்துக்கொண்ட சண்டை எந்த இடத்தில் திரும்பியது என்று முதலில் தேடுவேன். அந்த இடத்தை மட்டும் பாடுபட்டுச் செய்தால் போதும், மிச்சத்துக்கு ஒரு துணி விரிப்பு தாராளம்.

இன்றைய மகாராஷ்டிரத்தில் 1803 செப்டம்பர் 23 அன்று நடந்த அசாயே சண்டையை எடுத்துக்கொள்ளுங்கள். மராட்டிய அரசர்களான சிந்தியாவும் பேரார் அரசரும் சேர்ந்து நிறுத்திய மராட்டியப் படை கைட்னா ஆற்றுக்கு அந்தப் பக்கம். இந்தப் பக்கம் ஆங்கிலேயத் தளபதி ஆர்தர் வெல்லெஸ்லி, எண்ணிக்கையில் மிகச் சிறிய படையோடு. ஆற்றில் இறங்கிக் கடக்கத் துறையே இல்லை என்றார்கள் வழிகாட்டிகள். வெல்லெஸ்லி தொலைநோக்கியில் பார்த்தார்: பீப்பல்காவ், வரூர் என்று இரண்டு ஊர்கள், ஆற்றின் இரு கரையிலும் எதிரெதிரே. நடுவே துறை இல்லாமல் யார் இப்படி ஊர் கட்டுவார்கள்? ஊகம் சரியாக இருந்தது. படை ஆற்றைக் கடந்து மராட்டியரின் பக்கவாட்டில் வந்து நின்றது. சிந்தியாவிடம் வேலை பார்த்த ஜெர்மானிய அதிகாரி போல்மனின் கீழிருந்த மராட்டியக் காலாட்படையும் சளைக்கவில்லை. மொத்த வரிசையையும் திருப்பி, வலது முனையைக் கைட்னாவிலும் இடது முனையை ஜூவா ஆற்றங்கரையில் இருந்த அசாயே ஊரிலும் ஊன்றிக்கொண்டது.

ஆகவே இந்தக் களத்துக்கு வேண்டியவை இரண்டு ஆறுகள், ஒரு துறை, துறையைக் காட்டிக்கொடுக்கும் இரண்டு ஊர்கள், மண்சுவர் சூழ்ந்த அசாயே. குன்று வேண்டாம், காடு வேண்டாம். இந்தப் பட்டியலைத் தாளில் எழுதாமல் கத்தியைத் தொடாதீர்கள்.

அடுத்தது அளவு. பொம்மையின் அளவும் நிலத்தின் அளவும் ஒன்றல்ல. புதியவர்கள் குழம்புவது இங்கேதான். 15 மி.மீ. பொம்மை ஏறக்குறைய நூறில் ஒரு பங்கு. நிலத்தையும் அதே கணக்கில் செய்தால் ஒரு கிலோமீட்டருக்குப் பத்து மீட்டர் மேசை வேண்டும். அதனால் நிலத்துக்குத் தனிக் கணக்கு: 1 செ.மீ. என்றால் 10 மீட்டர். 600 பேர் கொண்ட பட்டாலியன் (காலாட்படைப் பிரிவு) இரண்டு வரிசையாக நின்றால் சுமார் 170 மீட்டர் நீளும், மேசையில் 17 செ.மீ. நான்கு செ.மீ. அகலத்தில் நான்கு பேஸ்கள் (பொம்மைகளை ஒட்டிவைக்கும் அடித்தட்டுகள்) வைத்தால் கணக்கு கிட்டத்தட்ட முடிந்தது. மஸ்கெட் என்ற அந்தக் காலத் துப்பாக்கியால் குறிபார்த்துச் சுட 100 மீட்டர் என்று வைத்தால் அது 10 செ.மீ. தான். இதே கணக்கில் ஒரு சின்ன வீடு ஒரு செ.மீ. அகலம்கூட வராது. ஆகவே வீடுகளை எண்ணாதீர்கள். ஊரின் எல்லையை ஓர் அட்டையில் வெட்டி, அதன்மேல் இரண்டு மூன்று வீடுகளை எடுத்துவைக்கிற மாதிரி நிறுத்துங்கள். படை உள்ளே புகுந்தால் வீட்டை எடுத்துவிட்டுப் பொம்மையை வைக்கலாம்.

மேசை 180 × 120 செ.மீ. இருந்தால் நால்வர் சௌகரியமாக ஆடலாம். அகலம் 150-ஐத் தாண்டினால் நடுவில் இருக்கிற பட்டாலியனைத் தொட யாராவது மேசைமேல் படுக்க வேண்டியிருக்கும், அவர் சட்டைப் பொத்தானில் ஒரு குதிரைப்படையே சிக்கும். களம் மேசைக்குள் அடங்காவிட்டால் வெறும் வெளியைச் சுருக்குங்கள். துறை எங்கே, ஊர் எங்கே, வரிசையின் முனை எங்கே என்ற உறவு மட்டும் மாறக்கூடாது.

பலகைகளை 60 செ.மீ. சதுரங்களாகச் செய்வது நல்லது. மாற்றி அடுக்கினால் வேறு களம் கிடைக்கும். பிரஷ்யாவில் மூத்த ரைஸ்விட்ஸ் 1812-ல் அரசருக்குச் செய்துகொடுத்த போர் விளையாட்டு மேசையிலேயே மாற்றி அடுக்கும் நிலச் சதுரங்கள் இருந்தன. அந்த யோசனையை மிஞ்ச இன்றுவரை தேவைப்படவில்லை. அடியில் மெல்லிய எம்டிஎஃப் (மரத்தூளை அழுத்திச் செய்த பலகை), மேலே எக்ஸ்பிஎஸ் ஃபோம் (உதிராத, அடர்த்தியான ஃபோம் பலகை). குருணை குருணையாக உதிரும் வெள்ளைத் தெர்மோகோலைத் தவிருங்கள், வெட்டும்போது அறையெங்கும் பறக்கும், விளிம்பும் நிற்காது. எம்டிஎஃபின் ஒரு பக்கம் மட்டும் பெயிண்ட் அடித்தால் பலகை வளையும். இரு பக்கமும் அடியுங்கள். சூடான கம்பியால் ஃபோம் வெட்டுகிறவர்கள் ஜன்னலைத் திறந்துவையுங்கள், அந்தப் புகை நெஞ்சுக்கு ஆகாது. ஸ்ப்ரே பெயிண்டில் உள்ள கரைப்பான் ஃபோமைக் கரைத்துவிடும். முதலில் பிவிஏ பசையும் (மரவேலைக்கான வெள்ளைப் பசை) அக்ரிலிக் பெயிண்டும் கலந்து ஒரு பூச்சு கொடுத்து, அது நன்றாகக் காய்ந்தபின் மற்றது.

ஆற்றுக்கு வருவோம், உழைப்பு எல்லாம் இதில்தான். ஃபோமில் ஒரு செ.மீ. ஆழத்துக்குப் பள்ளம் வெட்டுங்கள். ஒரு கரையைச் செங்குத்தாக விட்டு மறு கரையைச் சரியவிட்டால் ஆறு வளைகிற இடம் நம்பும்படி இருக்கும்: வளைவின் வெளிப்பக்கம் அரிபடும், உட்பக்கம் மணல் சேரும். நடுவே அடர்பழுப்பு, கரையை நெருங்க நெருங்க மணல் நிறம். நீலம் தொடவே வேண்டாம், மழைக்கால ஆறு நீலமாக ஓடுவதில்லை. அதன்மேல் பளபளப்பான அக்ரிலிக் வார்னிஷை மெல்லிய பூச்சுகளாக, ஒவ்வொன்றும் காய்ந்தபின் அடுத்ததாகக் கொடுங்கள். ஊற்றியபின் கண்ணாடிபோல் இறுகும் ரெசின் அழகுதான், ஆனால் பலகைகள் சேரும் இடத்தில் ஒழுகும். துறையைக் கொஞ்சம் வெளுப்பாகக் காட்டலாம், ஆனால் பொறுங்கள், அதைப் பற்றி வேறொரு யோசனை இருக்கிறது.

மண்சுவருக்கு ஃபோம் துண்டின்மேல் சுவர் பூசும் புட்டி போதும். நிலத்துக்கு அடர்பழுப்பு அடித்தளம், அதன்மேல் உலர்ந்த தூரிகையால் இரண்டு வெளிர் நிறங்கள், ஆங்காங்கே புல். முழுவதும் பச்சையாக மூடினால் பொம்மைகள் கண்ணுக்குத் தெரியாது.

நிலம் முடிந்தபின்தான் ஆட்கள். ஆடப்போகிறவர்கள் எல்லோரும் பேஸ் அளவில் ஒத்துப்போக வேண்டும். விதிப்புத்தகத்தைப் பற்றிய சண்டையைவிட இது முக்கியம், ஏனென்றால் ஒட்டிய பொம்மையைப் பெயர்க்க யாருக்கும் மனசு வராது. யார் எந்தப் படையைக் கொண்டுவருவார் என்பதும் முன்பே எழுத்தில் இருக்கட்டும்.

பழைய சண்டையை ஆடுவதில் பெரிய சிக்கல், எல்லோருக்கும் கதை தெரிந்திருப்பது. அசாயே என்றதும் மராட்டியத் தரப்பில் இருப்பவர் துறையில் பீரங்கியை நிறுத்திவிடுவார். அதனால் ஆடாமல் மேற்பார்க்கிற ஒரு நடுவர் வேண்டும். ஆற்றங்கரையில் எதிரெதிர் ஊர்களை மூன்று ஜோடியாக வையுங்கள். எந்த ஜோடிக்கு நடுவே உண்மையான துறை என்பது நடுவரிடம் இருக்கும் சீட்டில் மட்டும். வெல்லெஸ்லியாக ஆடுபவர் ஒற்றரை அனுப்பிப் பார்க்கலாம், அதற்கு ஒரு சுற்று செலவாகும். அவருக்கிருந்த அதே நெருக்கடி இவருக்கும் வந்துவிடும். இன்னும் குறும்பான வழி: வரைபடத்தைக் கண்ணாடி பிம்பமாகத் திருப்பி, ஊர்ப்பெயர்களை மாற்றி, சண்டையின் பெயரைச் சொல்லாமலே ஆடவிடுவது.

வெற்றிக்கான இலக்கை இரு தரப்புக்கும் ஒன்றாக வைக்காதீர்கள். வெல்லெஸ்லி ஜெயித்தார், ஆனால் அவர் படையில் இறந்தும் காயம்பட்டும் விழுந்தவர்கள் 1,500-க்கு மேல். அசாயே ஊரை நெருங்கிப்போன 74-ஆம் ஹைலேண்டர் படைப்பிரிவு பீரங்கியிலும் குதிரைப்படையிலும் சிக்கிச் சின்னாபின்னமானது. வெல்லெஸ்லி தரப்பில் இருந்த மாக்ஸ்வெல்லின் குதிரைப்படை பாய்ந்துதான் எஞ்சியவர்களைக் காத்தது. ஆகவே பீரங்கிகளைக் கைப்பற்றுவது ஒருவர் இலக்கு, களத்தை இழந்தாலும் எதிரியின் பாதிப் பட்டாலியன்களை உடைத்துவிடுவது மற்றவர் இலக்கு. தோற்ற தரப்பை ஆடுபவரும் ஜெயிக்க வழி இருந்தால்தான் அடுத்த முறை வருவார்.

குதிரைப்படையை மட்டும் ஒருவரிடம் கொடுத்தால் அவர் பாதி நேரம் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒவ்வொருவருக்கும் கொஞ்சம் காலாட்படையும் பிரித்துக்கொடுங்கள். சுற்றுக்கு நேரக்கெடு வையுங்கள். பகடையை ஓரத்தில் தட்டில் உருட்டச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் வார்னிஷ் ஆற்றில் பள்ளம் விழும். பொம்மையை ஈட்டியைப் பிடித்துத் தூக்குகிறவரிடம் தயங்காமல் சொல்லுங்கள்: பேஸைப் பிடிக்க வேண்டும்.

கலைப்பதற்கு முன் மேலிருந்து ஒரு படம் எடுத்து, பலகைகளின் அடியில் எண் எழுதிவிடுங்கள். பலகைகளைப் படுக்கவைத்து அடுக்கினால் கரைகள் நசுங்கும், நிற்கவைத்து இடையில் ஸ்பாஞ்ச் செருகுங்கள். வீடுகளுக்குத் தனிப் பெட்டி.