திட்டு வாங்கியதை ஆங்கிலத்தில் எழுதுவது எப்படி: ‘பெரேட்’

‘மேனேஜர் என்னைப் பிடி பிடியென்று பிடித்துவிட்டார்.’ இதை ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால் கை தானாக ‘ஸ்கோல்ட்’ என்று போட்டுவிடும். தப்பில்லை. ஆனால் இங்கிலாந்துக்காரர் காதில் அது குழந்தையைப் பெரியவர் கண்டிப்பதுபோல விழும். வளர்ந்த ஆளைக் கோபமாக, விடாமல் திட்டினால் அதற்கு ‘பெரேட்’ (berate)தான் பொருத்தம்.

படி 1: உச்சரிப்பு

அழுத்தம் ‘ரேட்’டில் விழ வேண்டும். விலையைச் சொல்லும் ‘ரேட்’ வேறு. திட்டுவதற்கே முன்பு ஆங்கிலத்தில் ‘ரேட்’ என்றொரு வினை இருந்தது. அதிலிருந்து வந்தது இது. யூகிளிஷ் தளத்தில் தேடி நாலைந்து பேர் சொல்வதைக் கேளுங்கள்.

படி 2: எங்கே பொருந்தும்?

கோபமும் வேண்டும், நீளமும் வேண்டும். ‘இனிமே இப்படிச் செய்யாதீங்க’ என்று ஒரே வரியில் முடிந்தால் அது பெரேட் இல்லை. மேலதிகாரி முறைப்படி கண்டித்தால் ‘ரெப்ரிமாண்ட்’. அதைக் குரல் உயர்த்தாமலும் செய்யலாம், காகிதத்திலும் செய்யலாம். மத்திய அரசு ஊழியர்களுக்கான 1965ஆம் ஆண்டு ஒழுங்கு விதிகளில் சிறு தண்டனைகளில் முதலாவது ‘சென்ஷர்’, அதாவது கண்டனம். அதுவும் இந்த வகைதான், பெரேட் ஆகாது.

படி 3: வாக்கியம் அமைப்பது

நாம் சறுக்குவது இங்கேதான். தமிழில் ‘ஏன் லேட்டாக வந்தாய் என்று திட்டினார்’ என்போம். அந்த ‘என்று’ ஆங்கிலத்துக்குள் நுழைந்து, ‘ஹி பெரேட்டட் மீ ஒய் ஐ கேம் லேட்’ என்று வந்து நிற்கும். இது ஆங்கிலத்தில் நிற்காது. கேள்வியைத் தூக்கிவிட்டு ‘ஃபார்’ போடுங்கள், வினையோடு ‘இங்’ சேருங்கள்:

ஹி பெரேட்டட் மீ ஃபார் கமிங் லேட்.

‘பணம் கட்டவில்லை என்று திட்டினாள்’ என்றால்? ‘ஃபார் நாட் பேயிங்’. ‘நாட்’ முன்னால் வர வேண்டும். இந்த ஒரு அச்சைப் பிடித்துக்கொண்டால் ஸ்கோல்ட், ரெப்ரிமாண்ட் எல்லாமே இதே வழியில் போகும். திட்டிய வார்த்தைகளையே எழுத வேண்டுமென்றால் தனி வாக்கியமாக, மேற்கோள் குறிக்குள் எழுதுங்கள்.

தன்னைத்தானே நொந்துகொள்வதற்கும் இது உதவும்: ‘ஷி பெரேட்டட் ஹெர்செல்ஃப் ஃபார் ஃபர்கெட்டிங் தி கீ.’

அகராதி விஷயத்தில் என் கட்சி இதுதான்: ஆங்கிலம்–தமிழ் அகராதி இந்த இடத்தில் போதாது. எல்லாவற்றுக்கும் ‘கடிந்துகொள்’ என்று போட்டு முடித்துவிடும். கற்போருக்கான லாங்மேன் அகராதியைப் பாருங்கள். பொருளோடு வாக்கிய அமைப்பையும் காட்டும்.

பிற்சேர்க்கை: ‘பெரேட்டட் அட் மீ’ என்று எழுதலாமா எனச் சிலர் கேட்டிருக்கிறீர்கள். கூடாது. ‘ஷவுட்டட் அட் மீ’ என்பதற்கு ‘அட்’ வேண்டும். பெரேட்டுக்குப் பின்னால் ஆள் நேராக வருவார். ‘காட் ஸ்கோல்டிங்’ என்றும் எழுதாதீர்கள், நடுவே ஒரு ‘எ’ வேண்டும்: ‘காட் எ ஸ்கோல்டிங்’. நண்பர்களிடம் பேசும்போது ‘காட் டோல்ட் ஆஃப்’ இன்னும் இயல்பு.