பிராங்க் அரசர்களைப் பற்றி எழுதும்போது தவிர்க்க வேண்டியவை

ஆண்டு மாறிப்போவது, ஒரு சார்லஸை இன்னொரு சார்லஸாக எழுதுவது எல்லாம் சரிபார்க்கும்போதே மாட்டிக்கொள்ளும், அதை விடுங்கள். புதிதாக ஐரோப்பிய வரலாறு எழுதுகிறவர்கள் அனுப்பும் கட்டுரைகளில், ஒரு காலத்தில் நானும் செய்த கோளாறுகள் வரிசையாக வருகின்றன. அவை மட்டும் இங்கே.

குளோவிஸ் ஞானஸ்நானத்துக்கு 496 என்று அடித்துச் சொல்வது

குளோவிஸ் இன்றைய பிரான்ஸ் பகுதியைப் பிடித்து ஆண்ட பிராங்க் அரசர். அவர் கிறிஸ்தவரானதை 508 வரை தள்ளிப் போடுகிறவர்களும் உண்டு. நமக்கு அந்தக் கதையைச் சொல்லும் தூர் நகர கிரெகரியே பல பத்தாண்டுகள் கழித்து எழுதியவர்.

மாட்டு வண்டி அரசர்களை அப்படியே நம்புவது

இதுதான் எரிச்சல். குளோவிஸின் வழிவந்த மெரோவிங்கிய வம்சத்தின் கடைசி அரசர்கள் நீண்ட முடியும் தாடியுமாகச் சும்மா அரியணையில் உட்கார்ந்திருப்பார்களாம், வெளியே கிளம்பினால் மாட்டு வண்டியாம், அதிகாரம் முழுக்க அரண்மனை மேயர் என்ற தலைமை நிர்வாகியின் கையிலாம். அப்புறம் 751இல் மேயர் பெப்பின், மூன்றாம் சில்டெரிக்கின் முடியை மழித்து மடத்துக்கு அனுப்பிவிட்டுத் தானே அரசரானார், சுபம்.

சொன்னது யார்? ஐன்ஹார்ட். பெப்பினின் மகன் ஷார்லமேனின் அவையில் இருந்தவர், அதுவும் ஆட்சி கைமாறி அறுபது ஆண்டுகளுக்கும் மேல் கழித்து எழுதியவர். வீட்டை வளைத்துப் போட்டவரின் ஆளிடம் போய், பழைய வீட்டுக்காரர் எப்படி என்று விசாரிக்கிற மாதிரி இது.

அந்தக் காலத்துத் தீர்ப்பு ஆவணங்களைப் பாருங்கள். 697இல் மூன்றாம் சில்டெபெர்ட்டின் நீதிமன்றத்தில் மேயர் இரண்டாம் பெப்பினின் (751இல் அரசரான பெப்பினின் தாத்தா) மகன் துரோகோ ஒரு நிலத்தை மடாலயத்திடம் இழந்தார். 710இல் இன்னொரு மகன் கிரிமோல்ட், அவரே மேயர், பாரிஸ் அருகே உள்ள செயின்ட் டெனிஸ் மடத்தின் சந்தைச் சுங்கத்தில் பாதி தன் தரப்பு ஆட்களுக்கு வேண்டும் என்று நின்றதும் எடுபடவில்லை. முழுச் சுங்கமும் மடத்துக்கே போனது. பொம்மை அரசரின் அவையில் மேயர் குடும்பமே வழக்குத் தோற்குமா?

737இல் அரசர் இறந்ததும் இரண்டாம் பெப்பினின் இன்னொரு மகனான மேயர் சார்லஸ் மார்ட்டெல் அரியணையைக் காலியாகவே விட்டார், சரி. ஆனால் அவருடைய மகன்களுக்கு 743இல் மூன்றாம் சில்டெரிக் என்ற ஒரு மெரோவிங்கியரைத் தேடிப் பிடித்து உட்கார வைக்க வேண்டியிருந்தது. அவரை இறக்கப் போப் சக்கரியாவின் சம்மதம், 754இல் போப் இரண்டாம் ஸ்டீபன் கையால் பெப்பினுக்கு மறுபடி ஒரு அபிஷேகம். ஒன்றுக்கும் உதவாதவரை நீக்க இவ்வளவு ஏற்பாடா?

மார்ட்டெல் கை ஓங்கிய பிறகு அரசர்கள் பலவீனர்கள்தான், அதை மறுக்கவில்லை. அதை 639இல் மெரோவிங்கிய அரசர் தாகோபெர்ட் இறந்த நாள்வரை பின்னுக்கு இழுப்பதுதான் வினை. சமீபத்தில் ஒரு தம்பி வீடியோவுக்கு எழுதிய கதை முழுக்க இதன் மேல்தான் நின்றது. சொன்னதும், "எல்லாப் புத்தகத்துலயும் இருக்கே சார்" என்றார். எல்லோரும் ஐன்ஹார்ட்டிடம் வாங்கியதுதானே. பாதிக்கு மேல் திரும்ப எழுத வேண்டியதாயிற்று.

511 பாகப்பிரிவினையை வீழ்ச்சி என்பது

குளோவிஸ் இறந்ததும் அவருடைய நான்கு மகன்கள் நாட்டைப் பிரித்துக்கொண்டார்கள். அடித்துக்கொண்டாலும் 534இல் பர்கண்டியைப் பிடித்ததும் அந்த வாரிசுகள்தான்.

ஷார்லமேனைப் பிரெஞ்சுக்காரர் என்பது

ஜெர்மானியர் என்பதும் தவறு. இரண்டு நாடும் அப்போது இல்லை.

732 போரோடு எல்லாம் முடிந்தது என்பது

மார்ட்டெல் முஸ்லிம் படையைத் தோற்கடித்த போர் அது. ஆனால் அதோடு முடியவில்லை. அவர்கள் வசமிருந்த நார்போன் நகரம் 759இல்தான் பெப்பின் கைக்கு வந்தது.