ஒரே கிராமத்தில் ஒரு மாதம்: இங்கிலாந்து நாட்டுப்புறத்தில் சபையோடு பழகும் வழி

ஓய்வுபெற்ற தம்பதிகள் இங்கிலாந்துப் பயணத்துக்கு யோசனை கேட்டால் நான் முதலில் சொல்வது இதுதான்: பத்து நாளில் பத்து ஊர் பார்க்கும் திட்டத்தை விட்டுவிடுங்கள். ஒரே ஒரு கிராமத்தைத் தேர்ந்தெடுங்கள். அங்குள்ள ஆலயத்துக்கு நடந்து போகும் தூரத்தில் வீடு எடுங்கள். நான்கு ஞாயிற்றுக்கிழமையாவது அங்கேயே இருங்கள். கோட்டைகளும் அருங்காட்சியகங்களும் எங்கும் போய்விடாது. நம் வயதில் புதிதாக நண்பர்கள் கிடைப்பது அரிது. அது கிடைக்கிற இடத்துக்குப் போகும்போது அதற்கு நேரம் ஒதுக்க வேண்டும்.

நான் அரசு மருத்துவமனையில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். என் கணவர் பெரம்பூர் ஐ.சி.எஃப். தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். அயனாவரத்தில் குடியிருக்கிறோம், சி.எஸ்.ஐ. எனப்படும் தென்னிந்தியத் திருச்சபையினர். நீங்கள் வேறு சபையாராக இருந்தாலும் இங்கே சொல்வதில் பெரும்பகுதி உங்களுக்கும் பொருந்தும்.

நான்கு ஞாயிறு என்று சொல்லக் காரணம் இருக்கிறது. இங்கிலாந்து திருச்சபைக்குச் சுமார் 16,000 ஆலயக் கட்டடங்கள் உள்ளன. அவற்றில் பாதிக்கும் மேல் கிராமப்புறங்களில். ஒவ்வொன்றுக்கும் ஒரு குருவானவர் கிடையாது. நம் தென்மாவட்டங்களில் பல ஊர் ஆலயங்களைச் சேர்த்து ஒரே சேகரமாக வைத்திருப்பதைப் போல, ஐந்தாறு கிராமங்களுக்கு ஒருவரே பொறுப்பு. முதல் ஞாயிறு ஓர் ஊரில் அப்பமும் திராட்சரசமும் பகிரும் திருவிருந்து, இரண்டாம் ஞாயிறு பக்கத்து ஊரில், மூன்றாம் ஞாயிறு சபையார் தாமாக நடத்தும் காலை ஜெபம் என்று முறை வைத்து நடக்கும். ஒரு வாரம் மட்டும் தங்கினால் உங்கள் கிராமத்தில் அந்த ஞாயிறு ஆராதனையே இல்லாமல் போகலாம். ஒரு மாதம் இருந்தால் சேகரம் முழுவதையும் பார்த்துவிடலாம். ஒவ்வொரு வாரமும் அதே முகங்கள் வெவ்வேறு ஆலயங்களில் தென்படும். அவர்களும் உங்களை அடையாளம் கண்டுகொள்வார்கள்.

எங்கே, எப்போது

காட்ஸ்வோல்ட்ஸ் பகுதியின் பெயரைத்தான் எல்லோரும் சொல்வார்கள். அழகுக்குக் குறைவில்லை. ஆனால் விடுமுறை வீடுகளும் சுற்றுலாப் பேருந்துகளும் நிறைந்த ஊரில் உள்ளூர்க்காரரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். நான் சஃபோக் மாவட்டத்தைச் சொல்வேன். லண்டன் லிவர்பூல் ஸ்ட்ரீட் நிலையத்தில் ரயில் ஏறி, மார்க்ஸ் டேயில் இறங்கி, சட்பரி போகும் கிளைப்பாதை ரயிலுக்கு மாற வேண்டும். வழியில் சாப்பல் என்ற இடத்தில் 32 வளைவுகள் கொண்ட செங்கல் பாலத்தின் மேல் ரயில் போகும். ரயில் பெட்டி செய்யும் தொழிற்சாலையில் வாழ்நாளைக் கழித்த என் கணவர் அங்கே ஜன்னலை விட்டு நகரவில்லை.

சட்பரி ஒரு சந்தை ஊர். பட்டு நெசவு இன்றும் அங்கே நடக்கிறது. காஞ்சிபுரம் பட்டைக் கையில் எடுத்துப் பழகிய எவருக்கும் அந்த ஊர் உடனே ஒட்டிக்கொள்ளும். அங்கிருந்து லாங் மெல்ஃபர்ட், லாவெனம் வழியாக பரி செயின்ட் எட்மண்ட்ஸ் வரை பஸ் உண்டு. லாவெனம் ஆலயத்தின் கோபுரம் 141 அடி உயரம். கம்பளித் துணி வியாபாரத்தில் செழித்தவர்கள் 15ஆம் நூற்றாண்டிலும் அதை ஒட்டியும் எழுப்பிய ஆலயங்கள் இவை. பார்க்க லாவெனம் போகலாம். தங்குவதற்கு அதைச் சுற்றியுள்ள சிறு கிராமங்களில் ஒன்றே மேல்.

வீடு பிடிக்கும் முன் இரண்டு விஷயங்களை வரைபடத்தில் பாருங்கள்: ஆலயம் எவ்வளவு தூரம், பஸ் நிறுத்தம் எவ்வளவு தூரம். கிராமத்து பஸ்கள் பல ஞாயிற்றுக்கிழமை ஓடுவதே இல்லை. ஆலயத்துக்கு நடக்க முடியாவிட்டால் திட்டமே குலைந்துவிடும். பொதுப் பாதைகள் வயல்களின் ஊடே போகும். மஞ்சள் அம்புக்குறி இருந்தால் நடந்து செல்வோருக்கான பாதை என்று பொருள். கதவைத் திறந்தால் மூடிவிட்டுத்தான் போக வேண்டும். சேலையோடு நடக்கலாம், ஆனால் காலில் கெட்டியான ஷூ அவசியம்.

மாதம் என்றால் என் தேர்வு செப்டம்பர். பள்ளிகள் திறந்துவிடுவதால் வீட்டு வாடகை இறங்கும். குளிர் இன்னும் கடுமையாகியிருக்காது. அந்த மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை பல மாவட்டங்களில் ஆலயங்களுக்கு நிதி திரட்ட மக்கள் சைக்கிளிலும் நடந்தும் ஆலயம் ஆலயமாகப் போவார்கள். அன்று கதவுகள் திறந்திருக்கும், உள்ளே ஒருவர் பழச்சாறும் பிஸ்கட்டும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பேச்சுக்கு அதைவிட நல்ல நாள் இல்லை. மாதக் கடைசியிலும் அக்டோபர் தொடக்கத்திலும் அறுப்பின் பண்டிகை வரும். ஜன்னல் திண்டுகளில் பூசணியும் ஆப்பிளும் ரொட்டியும் அடுக்கியிருப்பதைப் பார்த்தால், நம் ஆலயத்தில் வாழைத்தாரும் கரும்பும் கட்டிவைத்தது நினைவுக்கு வரும். அதோடு, மத்திய அரசு ஓய்வூதியர்கள் நவம்பரில் வாழ்நாள் சான்றிதழ் கொடுக்க வீடு திரும்பிவிடலாம்.

விசாவும் டிக்கெட்டும்

விசிட்டர் விசாவில் ஒரு வருகைக்கு அதிகபட்சம் 6 மாதம் தங்கலாம். விண்ணப்பத்தோடு ஓய்வூதிய ஆணை, வங்கிக் கணக்கு விவரம், வீட்டு வரி ரசீது, வாடகை வீட்டின் முன்பதிவு ஆகியவற்றை வையுங்கள். ஏன் ஒரே கிராமத்தில் இருக்கப் போகிறீர்கள் என்பதை ஒரு பக்கக் கடிதத்தில் நேராக எழுதுங்கள். இந்த விசாவில் வேலை செய்யக் கூடாது. ஆகவே வீட்டையும் நாயையும் பார்த்துக்கொள்வதற்கு ஈடாக இலவசமாகத் தங்கும் ஏற்பாடுகளின் பக்கம் போகாதீர்கள்.

ரயிலுக்கு ‘டூ டுகெதர்’ ரயில் கார்டு வாங்குங்கள். இருவருக்கும் சேர்த்து ஒரே கார்டு, ஓராண்டு செல்லும், இருவரும் சேர்ந்து பயணம் செய்தால் கட்டணத்தில் மூன்றில் ஒரு பங்கு குறையும். வார நாட்களில் காலை 9.30க்கு முன் செல்லாது. ஓய்வுபெற்றவர்களுக்கு அது ஒரு தடையே அல்ல. முதியோருக்கான இலவச பஸ் அட்டை அங்கு குடியிருப்போருக்கு மட்டும்தான். இருந்தாலும் 2025 தொடக்கத்திலிருந்து பெரும்பாலான உள்ளூர் பஸ்களில் ஒருவழி டிக்கெட் 3 பவுண்டைத் தாண்டுவதில்லை.

ஞாயிறு காலை

ஊர் போய்ச் சேர்ந்த அன்றே ஆலய வாசல் மண்டபத்துக்குப் போய் அறிவிப்புப் பலகையைப் படியுங்கள். ஆராதனை நேரம், பூ அலங்கார முறைப் பட்டியல், காபி வேளை, மணியடிப் பயிற்சி நடக்கும் நாள் எல்லாம் அதில் இருக்கும். பகலில் பெரும்பாலான ஆலயங்கள் திறந்தே இருக்கும். உள்ளே வருகையாளர் நோட்டு இருந்தால் பெயரும் சென்னை என்ற ஊரும் எழுதுங்கள். அதைப் படித்துவிட்டு ஞாயிறன்று உங்களைத் தேடி வருபவர் உண்டு.

பத்து நிமிடம் முன்பே போங்கள். கடைசி வரிசையில் ஒதுங்காதீர்கள். நடுவில், யாருடைய வழக்கமான இடமும் இல்லை என்று கேட்டுக்கொண்டு உட்காருங்கள். வாய்விட்டுப் பாடுங்கள். நம் பாமாலைப் பாட்டுப் புத்தகத்தில் உள்ளவற்றில் பாதி அங்கிருந்து வந்தவை, ராகம் உங்களுக்குத் தெரிந்தே இருக்கும். பதினைந்து பேர் உள்ள சபையில் இரண்டு குரல் கூடினால் பாட்டு எழுந்து நிற்கும்.

திருவிருந்தில் பங்குபெறலாமா என்று நம்மவர்கள் தயங்குவார்கள். தம் சபையில் திருவிருந்து வாங்கும் பிற திருச்சபையாரையும் இங்கிலாந்து திருச்சபை ஏற்றுக்கொள்கிறது. அதிலும் 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் ஆங்கிலிக்கன், மெத்தடிஸ்ட், பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் சபைகள் கூடி உருவான சி.எஸ்.ஐ., இங்கிலாந்து திருச்சபையோடு உறவுள்ள சபைகளின் உலகக் கூட்டமைப்பான ஆங்கிலிக்கன் ஐக்கியத்தில் உள்ள சபை. இதை இரண்டு வரியில் சொல்லத் தயாராக இருங்கள். கேட்பவர்கள் உண்மையான ஆர்வத்தோடு கேட்பார்கள். சபைகள் ஒன்றானது அவர்களில் பலருக்குப் புதுச் செய்தி.

இனி நான் மிக முக்கியமாகக் கருதும் பகுதி: ஆராதனைக்குப் பிந்திய தேநீர். குருவானவர் வாசலில் கைகொடுத்து அனுப்பும்போது அப்படியே வெளியே போய்விடாதீர்கள். கோபுரத்தின் அடியில், ஒரு மேசையில் வெந்நீர்ப் பாத்திரமும் வெளிர்பச்சைக் கோப்பைகளும் இருக்கும். “சுற்றிப் பார்க்க வந்தீர்களா?” என்பார்கள். “இந்த மாதம் முழுக்க இங்கேதான் இருக்கிறோம்” என்று சொல்லுங்கள். அந்த ஒரு பதிலில் பேச்சின் போக்கே மாறும்: எந்த வீடு, எதிர்வீட்டில் யார், கடை எத்தனை மணிக்கு மூடும், புதன்கிழமை காபிக்கு வருகிறீர்களா என்று போகும்.

தேநீர் முடிந்ததும் கோப்பைகள் ஒரு சிறிய தொட்டிக்கு வரும். ஒருவர் கழுவுவார். அருகில் தொங்கும் துண்டை எடுத்து நீங்கள் துடைக்க ஆரம்பியுங்கள்; அனுமதி கேட்டுக்கொண்டு நிற்க வேண்டாம். முகம் பார்த்து உட்கார்ந்து பேசும்போது சொல்லாததை, கைகள் ஈரமாக இருக்கும்போது மனிதர்கள் சொல்லிவிடுவார்கள். கணவரை இழந்த ஒரு பெண்மணி, அவர் கடைசி நாட்களைப் பற்றி அப்படித்தான் என்னிடம் பேசினார். நான் செவிலியர் என்று அறிந்தபின், இரவில் மூச்சு மாறியது வலியினாலா என்று கேட்டார். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். அடுத்த வியாழக்கிழமை வீட்டுக்கு அழைத்தார். இன்றும் மாதம் ஒருமுறை எங்களுக்குள் கடிதம் போகிறது.

என் கணவருக்கு நட்பு கிடைத்தது ஆலய மணி தொங்கும் கோபுரத்தில். அங்கே மணிகளை ராகத்துக்கு அடிப்பதில்லை. வரிசை மாற்றி மாற்றி, எண் கணக்கில் அடிக்கிறார்கள். பயிற்சி மாலையில் பார்வையாளரை வரவேற்பார்கள். கயிற்றில் வண்ணக் கம்பளி சுற்றிய பிடி ஒன்று இருக்கும். அழகாக இருக்கிறதே என்று தொட்டுவிடக் கூடாது. மேலே இருக்கும் மணி தலைகீழாக நிறுத்தப்பட்டிருந்தால், இழுத்த கையையும் சேர்த்து மேலே தூக்கிவிடும். சொல்லும்வரை கை கட்டி உட்கார்ந்திருங்கள். என் கணவருக்கு அதிலுள்ள எண் கணக்கு பிடித்துப்போய், வரிசைகளைத் தாளில் எழுதிக்கொண்டே இருந்தார். அதைப் பார்த்துத்தான் அவர்கள் அவரை நெருக்கமாகச் சேர்த்துக்கொண்டார்கள்.

பழகும் முறையில் சில. நம் ஊரில் அக்கா, ஐயா என்று அழைப்போம். அங்கே எண்பது வயதுக்காரரும் பெயர் சொல்லித்தான் கூப்பிடச் சொல்வார். கூப்பிடுங்கள். “ஒருநாள் தேநீருக்கு வாருங்கள்” என்பதை மரியாதைச் சொல்லாக வைத்துக்கொள்ளுங்கள். நாளும் நேரமும் குறித்தால்தான் அழைப்பு. அந்த நேரத்துக்குப் போங்கள், ஒன்றரை மணி நேரத்தில் எழுந்துவிடுங்கள். ஆராதனை ஜெபத்தில் நோயாளிகளின் பெயர்களை வாசிப்பார்கள். அடுத்த வாரம் அவர்களில் ஒருவரைப் பற்றிப் பெயர் சொல்லி விசாரியுங்கள்.

சமையலும் உடம்பும்

நீங்களும் ஒருமுறை அழைக்க வேண்டும். எலுமிச்சைச் சாதம், காரம் குறைத்த உருளைக்கிழங்குப் பொரியல், ஒரு பாயசம் போதும். கடுகு தாளிக்கும் முன் ஜன்னலைத் திறந்து சமையலறைக் கதவைச் சாத்துங்கள், இல்லாவிட்டால் புகை எச்சரிக்கை மணி அலறும். ஊரிலிருந்து நெய், பால்கோவா போன்ற பால் பொருட்களையும் இறைச்சியையும் கொண்டுபோக அனுமதி இல்லை. பொடிகள், புளி எடுத்துச் செல்லலாம். கோவில்பட்டி கடலைமிட்டாய் கொடுப்பதானால் நிலக்கடலை ஒவ்வாமை உண்டா என்று முதலில் கேளுங்கள். அங்கே அது பலருக்கு உயிர்ப் பிரச்சினை.

காப்பீடு இல்லாமல் விமானம் ஏறாதீர்கள். அவசரப் பிரிவில் முதல் சிகிச்சை இலவசம் என்றாலும், உள்நோயாளியாகச் சேர்த்தால் வருகையாளரிடம் தேசியச் சுகாதாரச் சேவையின் விலையில் ஒன்றரை மடங்கு வாங்குவார்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம் எதையும் காப்பீட்டில் மறைக்காதீர்கள். தங்கும் நாட்களுக்குத் தேவையான மாத்திரைகளை அட்டையோடு, மருந்தின் பொதுப்பெயர் எழுதிய மருத்துவர் கடிதத்துடன் கைப்பையில் வையுங்கள். இன்சுலின் போடுபவர்கள் நான்கரை மணி நேர வித்தியாசத்துக்கு எப்படி மாற்றுவது என்று புறப்படும் முன்பே மருத்துவரிடம் கேளுங்கள். ஆலோசனைக்கு 111, உயிர் ஆபத்துக்கு 999.

வெளியூர் போக ஒரு நாள் ஒதுக்குவதானால், ஆக்ஸ்ஃபர்டில் செயின்ட் செபல்கர் கல்லறைத் தோட்டம் போங்கள். திருக்குறளையும் திருவாசகத்தையும் ஆங்கிலத்தில் தந்த ஜி.யு. போப் 1908இல் மறைந்து அங்கேதான் அடக்கமானார்.

திரும்பிய பிறகு

கிறிஸ்துமஸ் வாழ்த்தை நவம்பர் முதல் வாரத்திலேயே தபாலில் சேருங்கள். அச்சிட்ட வாழ்த்தோடு நிறுத்தாமல், உள்ளே கையால் ஒரு பக்கம் எழுதுங்கள்; அவர்கள் நாயைப் பற்றியும் பெயர் சொல்லி விசாரியுங்கள். சென்னைக்கு வர விரும்பினால் ஜனவரி, பிப்ரவரி மாதங்களைச் சொல்லுங்கள். வந்தால் 1680இல் கட்டி முடித்த செயின்ட் மேரி ஆலயத்துக்குக் கோட்டைக்குள் அழைத்துப் போங்கள். வாசலில் சோதனை உண்டு, பாஸ்போர்ட்டைக் கையில் வைத்திருக்கச் சொல்லுங்கள். ஞாயிறன்று உங்கள் சபைக்குக் கூட்டிப்போய், பாமாலையில் அவர்களுக்குத் தெரிந்த ராகம் உள்ள பாட்டுகளையே அன்று வைக்கும்படி குருவானவரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.