ஹாத்தார்னின் பேய் வீட்டைப் பென்சிலோடு படிப்பது எப்படி?

கோதிக் நாவல், அதாவது பழைய வீடு, சாபம், மர்மம் என்று பயமுறுத்தும் கதை, என்றதும் சங்கிலி இழுக்கும் ஆவியை எதிர்பார்த்து, அமெரிக்க எழுத்தாளர் நத்தானியேல் ஹாத்தார்னை நாற்பதாம் பக்கத்தில் மூடி வைத்தவர்கள் நிறைய பேர். நானும் அதில் ஒருவன். இரண்டாம் முறை பென்சிலும் நோட்டுமாக உட்கார்ந்தபோதுதான் பிடி கிடைத்தது. செய்த வரிசையிலேயே சொல்கிறேன்.

எடுத்துக்கொள்ள வேண்டிய நாவல் 1851இல் வந்த 'தி ஹவுஸ் ஆஃப் தி செவன் கேபிள்ஸ்'. கூரையின் இரண்டு சரிவுகளுக்கு நடுவே நிற்கும் முக்கோண முகப்புதான் கேபிள். அப்படி ஏழு உள்ள பழைய மரவீடு. மொத்தம் 21 அத்தியாயங்கள். குட்டன்பர்க் இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது.

படி 1: புத்தகத்தைத் திறக்கும் முன் 1692

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் சேலம் பகுதியில் அந்த ஆண்டு சூனியக் குற்றம் சாட்டி 19 பேரைத் தூக்கில் போட்டார்கள். விசாரித்த நீதிபதிகளில் ஒருவர் ஜான் ஹாத்தோர்ன், நம் எழுத்தாளரின் நேரடி மூதாதை. தூக்குமரத்தடியில் சாரா குட் என்ற பெண், 'கடவுள் உனக்குக் குடிக்க ரத்தம் கொடுப்பார்' என்று ஒரு பாதிரியாரைச் சபித்ததாகப் பதிவு இருக்கிறது. 1804இல் அதே சேலத்தில் பிறந்த ஹாத்தார்ன் இந்தச் சாபத்தை எடுத்து, நாவலில் மாத்யூ மால் என்ற ஏழையின் வாயில் வைக்கிறார். இவ்வளவு தெரிந்தால் முதல் அத்தியாயத்துக்குப் போதும்.

படி 2: நோட்டின் முதல் பக்கத்தில் நிலத்தின் கதை

யாருடைய நிலம், யார் பிடுங்கினார், எப்படி என்று மூன்று வரி எழுதுங்கள். நல்ல ஊற்றுள்ள மாலின் சின்ன மனைமேல் கர்னல் பிஞ்சனுக்குக் கண். வழக்கு இழுக்கிறது. பிறகு மால்மீது சூனியப் பழி, தூக்கு. அந்த இடத்திலேயே மாளிகை எழும்புகிறது. கட்டிக் கொடுத்த தச்சன் மாலின் மகன். ஊற்று நீர் கெட்டுப்போகிறது. கிரகப்பிரவேச விருந்தன்று கர்னல் தன் நாற்காலியிலேயே செத்துக் கிடக்கிறார், கழுத்துப்பட்டியில் ரத்தத்தோடு.

ஐரோப்பிய கோதிக்குக்குக் கோட்டையும் நிலவறையும் வேண்டும். 1764இல் வந்த 'ஒட்ரான்டோ கோட்டை' கதையிலும் அபகரித்த சொத்துதான் அடிநாதம் என்றாலும், அங்கே ஓவியத்தில் இருக்கும் ஆள் ஓவியச் சட்டகத்தை விட்டு இறங்கி நடக்கிறார். ஹாத்தார்னிடம் கோட்டை இல்லை, பத்திரம்தான் இருக்கிறது. அவருடைய பேய்களைத் தேடினால் கடைசியில் ஒரு சொத்துத் தகராறில்தான் போய் நிற்பீர்கள்.

படி 3: 'ஆம்' போட்டுப் படியுங்கள்

எனக்கு உதவிய தந்திரம் இதுதான். கர்னல் இறந்த இடத்துக்குத் திரும்புங்கள். கழுத்தில் விரல் தடம் இருந்ததாம். தோட்டத்து வேலியில் யாரோ ஏறிக் குதித்தானாம். கூட்டத்தின் நடுவே மாலின் குரல் கேட்டதாம். இந்த அதிசயங்கள் எதையும் ஹாத்தார்ன் தன் பொறுப்பில் சொல்வதில்லை. வதந்தி, மரபுக்கதை என்று ஊர்மேல் போட்டுவிடுகிறார். பக்கத்திலேயே மருத்துவர்கள் மூளை ரத்தக்கசிவா வேறெதுவுமா என்று சண்டை போடுகிறார்கள்.

ஆங்கிலத்தில் இதற்கு நீண்ட சுற்றுவாக்கியம் தேவைப்படுகிறது. நமக்கு ஒரு விகுதி போதும். பக்க ஓரத்தில் 'ஆம்' என்று குறித்துக்கொண்டே போங்கள். பிறகு நோட்டில் இரண்டு பத்தி: இடப்பக்கம் சாபம் தரும் விளக்கம், வலப்பக்கம் உடம்பு தரும் விளக்கம். பிஞ்சன் ஆண்களின் தொண்டையில் கேட்கும் களகள சத்தம் இரண்டிலும் உட்காரும். எது சரி என்று தீர்ப்பு எழுதத் துடிக்கும் கையை அடக்குங்கள்; எழுதினால் அங்கேயே கோதிக் செத்துவிடும்.

படி 4: பொருள்களைப் பின்தொடருங்கள்

கர்னலின் ஓவியம், கருவாலி நாற்காலி, கிணறு. மூன்றும் வரும் பக்க எண்களைக் குறித்தால் போதும். ஓவியத்துக்குப் பின்னால் என்ன ஒளிந்திருக்கிறது என்பதை நான் சொல்லப்போவதில்லை. படி 2ஐ ஒழுங்காகச் செய்தவர்கள் ஊகித்துவிடுவார்கள்.

நடுவே சிரிப்பும் வரும். பல தலைமுறைக்குப் பிறகு அந்த வீட்டில் இருக்கும் பிஞ்சன் வம்சத்துக் கிழவி ஹெப்சிபாவின் முகச்சுளிப்பைக் கண்டு ஊரே மிரள்கிறது, பாவம், கிட்டப்பார்வை. வம்சப் பெருமையோடு மெலிந்து திரியும் கோழிகளையும் தாண்டிப் போய்விடாதீர்கள்.

படி 5: 18ஆம் அத்தியாயத்தைத் தனியாக, ஒரே மூச்சில்

இருட்டிய பிறகு படித்தால் நல்லது. பழைய நாற்காலியில் அதே வம்சத்து நீதிபதி ஜாஃப்ரி பிஞ்சன் அசையாமல் உட்கார்ந்திருக்கிறார். கதைசொல்லி அவரைக் கேலியாக எழுப்புகிறார்: குதிரை வாங்க வேண்டாமா, ஆளுநர் பதவிக்குப் பேர் முடிவாகும் விருந்துக்கு நேரமாகிறதே? கையில் கடிகாரம் டிக்டிக் என்கிறது. வெளிச்சம் மங்கி, முகமும் மறைந்து, நடுநிசியில் முன்னோர்களின் ஊர்வலம். அது முடிந்ததும் 'இதைக் கதையில் சேர்க்காதீர்கள்' என்று நழுவிவிடுகிறார், அதே 'ஆம்' வித்தை! விடியும்போது ஒரு ஈ நெற்றியில் உட்கார்ந்து மூக்கின் வழியாகத் திறந்த கண்ணை நோக்கி நகர்கிறது. 'செத்துவிட்டார்' என்ற ஒரு சொல்லைப் பக்கம் பக்கமாகத் தள்ளிப் போட்டே இந்தப் பயத்தை உண்டாக்குகிறார். மொத்த ஊர்வலத்தையும்விட எனக்கு அந்த ஈதான் மறக்கவில்லை.

படி 6: நோட்டின் முதல் பக்கத்துக்குத் திரும்புங்கள்

கடைசி அத்தியாயம் சப்பென்று இருக்கிறது என்று பலரும் குறைப்படுவார்கள். எல்லோரும் செத்த நீதிபதியின் கிராமத்து வீட்டுக்குக் குடிபோகிறார்கள், சுபம். ஆனால் ஹோல்கிரேவைக் கவனியுங்கள். தலைமுறை தாண்டி நிற்கும் வீடுகளே கூடாது என்று நாவல் முழுக்கப் பேசிய இளைஞன் அவன். அவனே இப்போது, அந்தக் கிராமத்து வீட்டை மரத்தில் கட்டியிருக்கிறார்களே, கல்லில் கட்டியிருக்கக் கூடாதா என்கிறான். இதையும் நிலத்தின் கதைக்குக் கீழே நான்காவது வரியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.