முஸ்தாங் ஈமக்குகையில் ஏறுவதற்கு முன்

நேபாளத்தின் மேல் முஸ்தாங்குக்கு முதல்முறை போகிறவர்கள் எல்லோரும் செய்கிற தப்பை நானும் செய்தேன். காளி கண்டகி ஆற்றங்கரையில் அண்ணாந்தே நின்றுவிட்டேன். செங்குத்துப் பாறை முழுக்கத் தேன்கூடு மாதிரி ஓட்டைகள். மனிதர்கள் குடைந்த குகைகள் அந்த வட்டாரத்தில் சுமார் 10,000 இருக்கலாம் என்கிறார்கள். அவற்றில் சில, பழங்காலத்தவர் இறந்தவர்களை வைத்த கல்லறைகள். கண் மேலேயே போகும். ஆனால் அந்தக் கல்லறைகளை ஆராயும் வேலை காலடியில்தான் தொடங்குகிறது.

அந்தப் பாறை கருங்கல் இல்லை. உருட்டுக்கல்லும் மணலும் இறுகிய மண்பாறை, வருடா வருடம் உதிரும். உதிரும்போது கல்லறையில் பாதியையும் சேர்த்து இறக்கிவிடும். அதனால் அடிவாரச் சரிவை முதலில் மெதுவாக நடந்து பாருங்கள். ஒரு காலையில் நான் உட்கார்ந்து ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்த இடத்திலிருந்து ஒரு முழம் தள்ளி விரல் எலும்பு ஒன்று கிடந்தது. கை தானாக நீளும். நீட்டாதீர்கள். பக்கத்தில் சின்னக் கொடி நட்டு, ஜிபிஎஸ் குறித்து, அளவுகோல் வைத்துப் படமெடுத்து, மேலே எந்த ஓட்டைக்கு நேர் கீழே கிடக்கிறது என்று எழுதிய பிறகு எடுங்கள். இடம் தெரியாத எலும்பு வெறும் எலும்புதான்.

இதற்கெல்லாம் முன்னால் நேபாளத் தொல்லியல் துறையின் அனுமதி வேண்டும் என்று சொல்ல வேண்டியதில்லை. காகிதம் கையில் இருக்கிறதே என்று நேராகப் பாறைக்குப் போனால்தான் காரியம் கெடும். ஊர்த் தலைவரையும் லாமாவையும் பாருங்கள். செத்தவர்களைக் கிளறினால் ஊருக்குக் கெடுதல் வரும் என்ற பயம் இருந்தால், அது நியாயமான பயம். பூஜை முடியட்டும். எங்களை இரண்டு நாள் காக்க வைத்தார்கள். முதலில் எரிச்சலாக இருந்தது, அப்புறம் அந்த இரண்டு நாள்தான் என்னைக் காப்பாற்றியது என்று புரிந்தது. மேல் முஸ்தாங்கின் முக்கிய ஊரான லோ மன்தாங் சுமார் 3,800 மீட்டர் உயரம். அந்த உயரத்துக்கு உடம்பு பழக நேரம் வேண்டும். 3,000 மீட்டரைத் தாண்டியபின் இரவு தங்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது. தலைவலியோடு கயிற்றில் தொங்குவது வீரம் இல்லை.

கயிற்று வேலையை மலையேற்றக்காரர்களிடமே விட்டுவிடுங்கள். நீங்கள் கடைப்பிடிக்க வேண்டியது இரண்டே விஷயம்: ஹெல்மெட் கழற்றக் கூடாது, மேலே ஆள் இருக்கும்போது நேர் கீழே நிற்கக் கூடாது. விடியலில் ஏறி முற்பகலில் இறங்கிவிடுங்கள். அதற்குப் பிறகு பள்ளத்தாக்கில் மேல்நோக்கி வீசும் காற்று, குறிப்பேட்டின் தாளைக் கிழித்துக்கொண்டு போகும்.

சரி, உள்ளே நுழைந்தாயிற்று. நுழைந்த வழி வாசல்தானா என்று முதலில் சந்தேகப்படுங்கள். அமெரிக்கத் தொல்லியலாளர் மார்க் ஆல்டென்டர்ஃபர் தலைமையிலான குழு, மேல் முஸ்தாங்கின் சம்த்சோங் என்ற இடத்தில் ஆராய்ந்த கல்லறைகள் மேலிருந்து கிணறு மாதிரித் தோண்டி, அடியில் அறை வைத்தவை. பாறை முகப்பு உடைந்ததால்தான் இன்று குகை போலத் தெரிகின்றன. ஆகவே விளக்கைக் கூரைப் பக்கம் பிடித்து, மண் அடைத்த பழைய துளை இருக்கிறதா என்று தேடுங்கள். அது தெரிந்தால், எந்தப் பொருள் மேலிருந்து சரிந்து விழுந்தது, எது வைத்த இடத்திலேயே இருக்கிறது என்று பிரிக்கலாம்.

எலும்புப் பக்கத்தில் இரும்புக் கொத்துக்கரண்டி வேண்டாம், மூங்கில் குச்சியும் தூரிகையும் போதும். காரணம் இருக்கிறது. சம்த்சோங்கில் ஏறத்தாழ 1,500 ஆண்டுக்கு முந்தைய 27 பேரின் எலும்புகள் கிடைத்தன. பெரும்பாலானவற்றில் மெல்லிய வெட்டுத் தடங்கள். இறந்தபின் சதையை நீக்கிய சடங்கு என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அந்த ஊகம் முழுக்க அந்தக் கீறல்களில்தான் நிற்கிறது. அங்கே உங்கள் கரண்டி இன்னொரு கீறல் போட்டால் எப்படி இருக்கும்? பழைய வெட்டின் உள்நிறம் எலும்பின் மேல்நிறத்தை ஒத்திருக்கும், புதியது வெளிறித் தெரியும். முதல் வாரத்தில் நான் வெளிறிய கீறல் ஒன்றைப் போட்டேன். தேதி போட்டு, என் பெயரையும் எழுதி வைத்தேன். வெட்கமாகத்தான் இருந்தது.

டிஎன்ஏவுக்குப் பல்லை எடுப்பதாக இருந்தால் அதை முதலிலேயே முடித்துவிடுங்கள். முகமூடி, புதுக் கையுறை, கழுவக் கூடாது. கார்பன் காலக்கணிப்புக்கான கரித்துண்டை அலுமினியத் தாளில் மடியுங்கள், பஞ்சோ காகிதமோ வேண்டாம்.

மண்ணை வெளியே கொட்டாதீர்கள். மூட்டையாகக் கட்டி இறக்கி, காற்று அடங்கிய நேரத்தில் 2 மில்லிமீட்டர் சல்லடையில் சலியுங்கள். முதுகு ஒடியும் வேலை, யாருக்கும் பிடிக்காது. ஆனால் சம்த்சோங் கண்ணாடி மணிகள் இன்றைய பாகிஸ்தான், இந்தியா, ஈரான் பகுதிகளிலிருந்து வந்தவை என்று தெரிந்தது, அந்தக் கடுகளவுப் பொருள்களையும் யாரோ விடாமல் பொறுக்கியதால்தான். அங்கே கிடைத்த, இறந்தவரின் முகத்தை மூடிய பொன்வெள்ளித் தகட்டின் ஓரத்தில் ஊசித்துளைகள் இருந்தன. துணியில் வைத்துத் தைத்திருக்க வேண்டும். ஆகவே செம்பில் பச்சைக் களிம்பு பார்த்தால் தேய்க்காதீர்கள். துணியின் கடைசி நூல் அதில்தான் ஒட்டிக்கொண்டிருக்கும்.

பொட்டலம் கட்டும்போது பிளாஸ்டிக் பையை இறுக்கி மூட வேண்டாம். 1990களில் ஜெர்மன்-நேபாளக் குழு முஸ்தாங்கின் மெப்ராக் குகையில் கண்ட உடல்கள் 2,000 ஆண்டுக்கு மேல் கெடாமல் இருந்தது வறண்ட குளிர்காற்றால். அப்படி வறண்டு நிலைத்த பொருளை ஈரமூச்சு படிந்த பைக்குள் அடைத்தால் ஒரே மாதத்தில் பூஞ்சை பிடிக்கும்.

இறங்குவதற்கு முன் வெற்று அறையை நான்கு பக்கமும் படமெடுத்துவிடுங்கள். நான் அப்படி எடுத்த ஓர் அறைக்கு இப்போது வலது சுவர் இல்லை.