குவாடல்கனால் போர்வீரரின் ஒரு நாளை வகுப்பறையில் அமைத்துக் காட்டும் முறை

நீலகிரியின் கூடலூர், பந்தலூர்ப் பகுதிப் பள்ளிகளில் இரண்டாம் உலகப் போரைக் கற்பிக்கும்போது, பசிபிக் போர் முத்துத் துறைமுகத்தில் (பேர்ல் ஹார்பர்) தொடங்கி ஹிரோஷிமாவில் முடிந்துவிடுகிறது. இடையிலிருந்த தீவுகளில் வீரர்கள் எதை உண்டார்கள், எங்கே உறங்கினார்கள் என்பதைக் கண்காட்சியாக அமைக்க விரும்பும் ஆசிரியருக்குச் சாலமன் தீவுகளிலுள்ள குவாடல்கனால் மிகவும் பொருத்தமானது. அங்கு 1942 ஆகஸ்ட் 7 முதல் 1943 பிப்ரவரி 9 வரை அமெரிக்கருக்கும் ஜப்பானியருக்கும் இடையே போர் நடந்தது. மாணவர்கள் முதலில் துப்பாக்கி மாதிரி செய்யத்தான் ஓடுவார்கள். அதை இறுதி வேலையாக வைத்துக்கொண்டு, சோறு, தண்ணீர், காய்ச்சல் ஆகியவற்றிலிருந்து தொடங்குங்கள்.

போர் முழுவதையும் காட்ட முயலாமல், 1942 ஆகஸ்ட் பிற்பகுதியில் ஒரே ஒரு நாளைத் தேர்ந்தெடுங்கள். ஆகஸ்ட் 9 அதிகாலை சாவோ தீவருகே ஜப்பானியக் கப்பற்படை நான்கு நேசநாட்டுப் போர்க்கப்பல்களை மூழ்கடித்ததால், சரக்குக் கப்பல்கள் பொருள்களை முழுவதும் இறக்காமலேயே விலகிச் சென்றன. கரையில் நின்ற அமெரிக்க மரைன் (கடலிலிருந்து இறங்கித் தரையில் போரிடும் படை) வீரர்களுக்கு அதன்பின் நாளுக்கு இரண்டு வேளை உணவுதான்; அதிலும் ஒரு பங்கு ஜப்பானியர் விட்டுச்சென்ற, புழு வைத்த அரிசி. மேசையில் ஒரு தட்டு அரிசியையும், முகம் கழுவவும் தண்ணீர் மொள்ளவும் பயன்பட்ட இரும்புத் தொப்பிக்குப் பதிலாக ஒரு சட்டியையும் வைத்தால் போதும். ஆற்று நீரைக் கிருமிநாசினி மாத்திரை போட்டே குடிக்க வேண்டியிருந்தது என்பதை அருகில் எழுதுங்கள்.

கண்காட்சியில் அதிக இடத்தை மலேரியாவுக்குக் கொடுங்கள். அத்தீவில் குண்டுக் காயத்தைவிட மலேரியாவால் மருத்துவமனைக்குச் சென்றவர்களே அதிகம். மலேரியா மருந்தான குயினினில் உலகின் பெரும்பகுதியை அளித்த ஜாவா 1942 மார்ச்சில் ஜப்பானிடம் வீழ்ந்ததால், அமெரிக்கப் படை அட்டாபிரின் என்னும் செயற்கை மருந்தை நம்ப நேர்ந்தது. அது கசப்பானது, தோலை மஞ்சளாக்கியது, ஆண்மையைக் கெடுக்கும் என்ற வதந்தியும் பரவியது. ஆகவே உணவு வரிசையிலேயே அதிகாரிகள் நின்று, ஒவ்வொருவரும் மாத்திரையை விழுங்குகிறாரா என்று பார்த்தார்கள். நம் பக்கத்திலிருக்கும் நடுவட்டத்தில் சின்கோனா பயிரிட்டுக் குயினின் தயாரித்த வரலாற்றை இங்கே இணைத்தால், தீவின் காய்ச்சல் மாணவருக்கு அயலூர்ச் செய்தியாகத் தோன்றாது.

ஈரம் காயாத உடையையும் காலணியையும் விளக்க நீண்ட குறிப்பு வேண்டியதில்லை; தென்மேற்குப் பருவமழையில் தேயிலை பறிப்பவரின் பிள்ளைகளுக்குச் சேற்றுப்புண் என்ற ஒரு சொல் போதும். இரவுக்கு மட்டும் அறையை இருட்டாக்குங்கள். விளக்கேற்றக் கூடாது, பதுங்குகுழியை விட்டு வெளியே வருபவரைத் தன் பக்கத்துக் காவலரே சுட்டுவிடக்கூடும், சருகில் நண்டு ஊர்ந்தாலும் பகைவர் வருவதாகவே தோன்றும். ஜப்பானியர் உச்சரிக்கத் தடுமாறும் ‘ல’ ஒலி மிகுந்த சொற்களை அமெரிக்கர்கள் அடையாளச் சொல்லாக வைத்தார்கள் என்பதை மாணவர்களைக்கொண்டே நடித்துக் காட்டலாம். தூக்கத்தைக் கெடுப்பதற்கென்றே இரவில் ஒற்றை ஜப்பானிய விமானம் சுற்றியதுண்டு.

எதிர்ச்சுவரை ஜப்பானிய வீரருக்கு ஒதுக்குங்கள், ஆனால் அங்கே தேதியை டிசம்பருக்கு நகர்த்துங்கள். அமெரிக்கருக்குக் கப்பல்கள் மீண்டும் வரத் தொடங்கிய பின்னர், ஜப்பானியருக்கு உணவு அனுப்புவது மேலும் மேலும் கடினமாயிற்று. நீர்மூழ்கிகளில் கொண்டுவந்தும், தகரப் பீப்பாய்களில் அடைத்துக் கடலில் மிதக்கவிட்டும் பார்த்தார்கள், போதவில்லை. அவர்களே அதைப் பட்டினித் தீவு என்றழைத்தார்கள். 1943 பிப்ரவரித் தொடக்கத்தில் 10,000-க்கும் மேற்பட்டோர் இரவோடு இரவாக மீட்கப்பட்டனர். இறந்தவர்களில் பசியாலும் நோயாலும் மாண்டவர் மிகப் பலர். இந்தச் சுவருக்கு நாட்குறிப்புகளை நாடுங்கள், ஏனெனில் ஜப்பானிய வீரர்கள் அவற்றைத் தாராளமாக எழுதினர்; அமெரிக்க வீரர்களுக்கு நாட்குறிப்புத் தடை இருந்தது, கடிதங்களையும் அதிகாரிகள் தணிக்கை செய்தனர். ஆகவே அமெரிக்கர் கடிதத்தில் உணவைப் பற்றி ஒரு வரியும் இல்லையென்றால், குறை இல்லை என்று மாணவர்கள் முடிவு கட்டாதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது சுவரைத் தீவுவாசிகளுக்குக் கட்டாயம் விடுங்கள். சுமை தூக்கியவர்களும் வழி காட்டியவர்களும் அவர்களே. ஓய்வுபெற்ற காவலரான ஜேக்கப் வௌசா ஜப்பானியரிடம் பிடிபட்டுக் கத்தியால் குத்தப்பட்டும் செய்தி எதையும் சொல்லாமல், தப்பி வந்து அமெரிக்கரை எச்சரித்தார். அவருடைய பெயரை அமெரிக்க மரைன் தளபதி வாண்டெகிரிப்டின் பெயருக்கு இணையான எழுத்தளவில், கூடலூருக்கு வரும் பெற்றோரில் மலையாளம் மட்டும் படிப்பவர்களுக்காக அம்மொழியிலும் எழுதி ஒட்டுங்கள்.